குயில்குடி ஊரார் பேரால்

எல்லாம் சித்தி மகன் அனுப்பிய போட்டோவில் ஆரம்பித்தது. பிரான்சில் வேலை பார்க்கிறான். லீவுக்குக் குடும்பத்தோடு மோன் சேன் மிஷேல் போயிருக்கிறான். கடலுக்குள் ஒரு பாறை, பாறைமேல் ஊர், ஊருக்கு மேல் மடம், மடத்துக்கு மேல் ஊசி மாதிரி ஒரு கோபுரம், அதன் உச்சியில் தங்க முலாம் பூசின மிக்கேல் சம்மனசு, அதாவது தேவதூதர். இருபத்தேழு படம் அனுப்பிவிட்டுக் கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, 966ல சாமியாருங்க வந்து குடியேறின இடம்க்கா. புரட்சி வந்தப்ப அவங்களைத் துரத்திட்டு ஜெயிலாக்கிட்டாங்க, 1863 வரைக்கும் ஜெயிலுதான். அப்புறம் அரசாங்கமே எடுத்துச் சரிபண்ணி, 1966ல ஆயிரமாவது வருசத்துக்கு மறுபடி சாமியாருங்களையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. நம்ம பக்கம் இப்படி ஒண்ணு இருக்காக்கா?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. நாங்கள் இருப்பது விராட்டிப்பத்துப் பக்கம். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தினமும் கண்ணில் படுகிற மலை சமணர் மலை. அங்கேயும் அதே 9, 10ஆம் நூற்றாண்டில் மடம் இருந்தது, துறவிகள் இருந்தார்கள், வெளியூரிலிருந்து யாத்திரை வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், மலைக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அதுவும் மகளின் பள்ளிக்கூடத் தோழி வீட்டுக் காதுகுத்துக்கு. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ஆலமர நிழலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன், மேலே ஏறவில்லை. இதைத் தம்பியிடம் சொல்ல முடியுமா? "இருக்குடா, போட்டோ அனுப்புறேன்" என்று போட்டுவிட்டேன். வாய் கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

நான், ஒன்பதாவது படிக்கிற மகள், என் அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, மலையேற முடியாது, ஆனால் அய்யனார் கோயில் என்றதும் சேலை மாற்றிவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டது. தெரிந்த ஆட்டோவைப் பிடித்துத் தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை போய், அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, தெற்கே திரும்பிக் கீழக்குயில்குடி போய்ச் சேரும்போது மணி பத்தரை. பங்குனி மாதம். வெள்ளென ஏழு மணிக்கெல்லாம் ஏறி இறங்க வேண்டிய இடம் அது. பத்தரைக்குப் போய் நிற்பது மடத்தனம் என்று ஆட்டோக்காரரே சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.

மலை அடிவாரத்தை நிறையப் பேர் சினிமாவில் பார்த்திருப்பீர்கள், பார்த்தோம் என்று தெரியாமலே. தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், கருப்பணசாமி, பின்னால் மொட்டையாக ஏறிப் போகிற பாறை. கிராமத்துக் கதை என்றால் ஒரு பாட்டுக்காவது இங்கே வந்துவிடுவார்கள். நாங்கள் போன அன்றைக்குக் குளத்தில் பாதிதான் தண்ணீர், ஆனாலும் பூ இருந்தது. அம்மா கோயிலில் கும்பிட்டு, திருநீறு பூசி, ஆலமரத்து வேரில் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டு, "சமணரு மலையில என்ன இருக்கு பார்க்க? அவங்களைத்தான் எட்டாயிரம் பேரையும் கழுவுல ஏத்திட்டாங்களே" என்று சொன்னது.

மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை பாலோடு வந்தது. திருஞானசம்பந்தர் வந்தார், பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்தார், அனல் வாதம் புனல் வாதம், தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள். இந்த ஊரைச் சுற்றி இருக்கிற மலைகளுக்கே கதை அப்படித்தான். யானைமலை என்பது மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிவிட்ட யானை, நாகமலை அவர்கள் விட்ட பாம்பு, பசுமலை அவர்கள் அனுப்பிய மாயப்பசு, எல்லாவற்றையும் சொக்கநாதர் அடக்கிக் கல்லாகக் கிடக்கின்றன. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது அம்மா ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் காட்டும். நானும் என் மகளுக்கு அப்படியே காட்டியிருக்கிறேன்.

ஆனால் கணக்கு ஒன்று இடிக்கிறது. சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. இந்த மலையில் நான் பார்க்கப் போகிற சிற்பங்கள் 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது, எல்லோரும் கழுவேறி முடிந்ததாகச் சொல்கிற காலத்துக்கு இருநூறு வருடம் கழித்து, அதே பாண்டிய நாட்டில், மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜாவின் பெயரையே மலைக்கு வைத்துக்கொண்டு, உளியும் சுத்தியலுமாகத் திருமேனி செய்துகொண்டிருக்கிறார்கள். கழுவேற்றம் நடந்ததா இல்லையா என்று அடித்துக்கொள்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும். நடந்திருந்தாலும் மிச்சம் இல்லாமல் போகவில்லை என்பதற்குச் சாட்சி பாறையில் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப தப்பிச்சவங்க வந்து செஞ்சிருப்பாங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. சரி.

இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று மலையின் தென்மேற்குப் பக்கத்தில் இருக்கிற செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. இன்னொன்று கோயிலுக்கு நேர் மேலே இருக்கிற பேச்சிப்பள்ளம், அதற்கும் மேலே போனால் பெரும்பள்ளி என்கிற மடம் இருந்த இடம். முதலில் செட்டிப்புடவுக்குப் போனோம். தொல்லியல் துறை படிக்கட்டும் இரும்புக் கைப்பிடியும் போட்டிருக்கிறது. கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது.

குகைக்கு வெளியே இடது பக்கப் பாறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பெரிய உருவம், ஆளைவிடப் பெரிது. தலைக்கு மேல் முக்குடை, இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள், சம்மணம் போட்டு மடியில் கைமேல் கை வைத்து, தோளைத் தொடப் போகிற காது. மகாவீரர். ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். நீளக் காது, மெழுகினாற்போல் உடம்பு, அசையாமல் உட்கார்ந்திருக்கிற தோரணை, இதையெல்லாம் பார்த்து யாரோ ஒரு தாத்தா எப்போதோ "கல்லாவுல உக்காந்த செட்டியாரு கணக்கா இருக்காருய்யா" என்று சொல்லியிருக்க வேண்டும், அதுவே இடத்துக்குப் பெயராகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். உலகத்தில் ஒன்றும் வேண்டாம் என்று உடுத்தின துணியைக்கூட விட்டுவிட்டுப் போன மனிதருக்கு வியாபாரிப் பெயர்! ஆனால் சமணத்தைத் தாங்கிப் பிடித்ததில் வணிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி என்கிற பழைய எழுத்துக் கல்வெட்டிலேயே வெள்ளறை நிகமம் என்று ஒரு வணிகர் கூட்டம் வருகிறது. ஆகவே ஊர் வாய் ரொம்பவும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

உருவத்துக்குக் கீழே வட்டெழுத்தில் எழுதியிருக்கிறது. மகள் குனிந்து பார்த்துவிட்டு "ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றாள். நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது, கோணமே கிடையாது, எல்லாம் சுழி. சோழர்கள் வந்து பாண்டிய நாட்டைப் பிடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் இந்த எழுத்துதான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து போயிற்று. படித்துச் சொன்னவர்கள் புண்ணியத்தில் இந்த மலைக் கல்வெட்டுகளில் ஒரு வரி எனக்குத் தெரியும், போனில் எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன்: இப்பள்ளி உடைய குணசேனதேவர் சட்டன் தெய்வபலதேவர் செய்விச்ச திருமேனி. சட்டன் என்றால் மாணவன். இந்தப் பள்ளிக்குத் தலைவராக இருந்த குணசேனதேவரின் மாணவர் தெய்வபலதேவர் செய்வித்தது. அவ்வளவுதான். ராஜா இல்லை, போர் இல்லை, பிராமணருக்கு நிலம் கொடுக்கிற பிரம்மதேயம் இல்லை. வாத்தியார் பேர், பையன் பேர். மகள் "செய்விச்ச-ன்னா எழுதியிருக்கு? நான் இப்படி எழுதினா மிஸ் சிவப்புல வட்டம் போடுவாங்க" என்றாள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலும் மதுரைப் பக்கத்தில் ஆட்கள் "செய்விச்ச" என்றுதான் பேசியிருக்கிறார்கள், கல்லிலேயே அப்படி வெட்டியிருக்கிறார்கள். எனக்கு ஏனோ அந்த ஒரு "ச்ச" ரொம்பப் பிடித்துப் போயிற்று, விரலால் தடவிப் பார்க்கக் கை போனது, தொடக்கூடாது என்று மடக்கிக்கொண்டேன்.

குகைக்குள் தலையைக் குனிந்து போனால் அரைவட்டமாக வளைகிற கூரையில் வரிசையாக ஐந்து சிற்பம். நடுவில் சமணர்கள் கும்பிடுகிற குருமார்களான தீர்த்தங்கரர் மூன்று பேர், அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். இடது ஓரத்தில்தான் விஷயம். சிங்கத்தின் மேல் ஒருத்தி, கையில் வில், எதிரே யானைமேல் கத்தியும் கேடயமுமாக ஒருத்தன். சிங்கம் யானைமேல் பாய்கிறது. இயக்கி என்கிறார்கள், சமணரின் காவல் பெண்தெய்வம். பார்க்கிற யாருக்கும் கொற்றவைதான் ஞாபகம் வரும். எறும்பைக்கூட மிதிக்கக்கூடாது என்று மயிற்பீலியால் கூட்டிக்கொண்டே நடந்தவர்களின் குகைக்குள் இப்படி ஒரு சண்டைக் காட்சி. இந்த மண்ணில் இருக்க வேண்டுமென்றால் அம்மன் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். குகைக்குப் பக்கத்துப் பாறையில் ஆணியால் கீறின பெயர்கள், இதயம், அம்பு, பெயின்டில் ஒரு போன் நம்பர். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம், சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரைக்கும் சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. கீறினவர்கள் பாறையையே பார்க்கவில்லை, சட்டத்தையா பார்க்கப் போகிறார்கள். தெய்வபலதேவரும் தன் பெயரைப் பாறையில்தானே எழுதினார், அவரை மட்டும் கொண்டாடுகிறாயே என்று மகள் மடக்கினாள். அவர் ஒரு திருமேனி செய்து வைத்துவிட்டு எழுதினார், நீயும் செய்து வைத்துவிட்டு எழுது என்றேன். இந்தப் பதில் அந்த நேரத்தில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, பொதுவாக எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் வரும்.

இறங்கி வரும்போது அவள் செருப்பு வார் அறுந்தது. கடைசிப் பத்துப் படியில் அறுந்திருந்தால் பரவாயில்லை, பாதியில் அறுந்தது. பாறையில் கால் வைக்க முடியவில்லை, கையில் செருப்பை வைத்துக்கொண்டு நொண்டி விளையாடுகிற மாதிரி குதிக்கிறாள். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், அப்புறம் நான் குதித்தேன். தண்ணீர் பாட்டில் இருந்தால் காலில் ஊற்றலாம், பாட்டில் பத்திரமாக அம்மாவிடம் ஆலமரத்தடியில் இருந்தது. துறவிகள் வெறுங்காலோடு இதே பாறையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள் என்று படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, உள்ளங்காலால் தெரிந்துகொள்வது வேறு.

ஆலமரத்தடியில் அம்மா தனியாக இல்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பாட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது, இருவருக்கும் முட்டிவலி என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். பாட்டி என் காலைப் பார்த்துவிட்டு, "உச்சி வெயில்ல செட்டியாரப் பாக்கப் போனா அவரு என்னத்தா செய்வாரு, அவரே நெழலப் பாத்து உக்காந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தது. செட்டியார் யார் என்று கேட்டேன். "சாமிதான்." என்ன சாமி? "செட்டியாரு சாமி." அதற்கு மேல் விளக்கம் கிடையாது. மேலே பேச்சிப்பள்ளத்தில் இருக்கிறவர்கள்? "அது பேச்சி. சின்னப் பிள்ளையில எங்கள அங்கிட்டு விடமாட்டாக. ஆடு ஏறிருச்சுன்னா நாலஞ்சு பேராத்தான் போவோம். கல்லுல கை வச்சா பேச்சி அடிச்சுப்புடுவான்னு எங்க அப்பத்தா சொல்லும்."

இதைக் கேட்டதும்தான் எனக்குச் சித்தி மகனின் கேள்விக்குப் பதில் பிடிபட்டது. அங்கே அரசாங்கம் பணம் போட்டு, இஞ்சினியர் வைத்து, கல் கல்லாகச் சரிபண்ணி மடத்தை மடமாகவே திருப்பிக் கொண்டுவந்தார்கள். இங்கே மடம் போய்விட்டது, துறவி போய்விட்டார், எழுத்தைப் படிக்கத் தெரிந்தவனும் போய்விட்டான். எத்தனையோ நூறு வருடம் இந்தச் சிலைகள் யார், எவர் என்று தெரியாமல் நின்றிருக்கின்றன. போர்டு வருவதற்கு முன்னால், சட்டம் வருவதற்கு முன்னால், அத்தனை காலமும் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அஸ்திவாரத்துக்கும் கல் உடைக்கிற ஊரில் இந்த முகத்தில் ஒரு சில்லு பேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். செட்டியார் என்றும் பேச்சி என்றும் தப்பாகப் பெயர் வைத்து, பயந்து, எட்டி நின்று விட்டிருக்கிறார்கள். அப்பத்தா சொன்ன அந்தப் பொய்க்கு எந்தத் துறையின் பட்ஜெட்டும் ஈடாகாது.

வெயில் தாழும் வரைக்கும் நிழலில் இருந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினோம். மகள் அம்மாச்சியின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள், இரண்டு சைஸ் பெரிது. பாறைச் சரிவில் ஒரு பள்ளம், பக்கத்தில் சுனை, ஒரு ஆள் உயரத்துக்கு மேலே பாறை முகத்தில் எட்டு உருவம் வரிசையாக. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போக வேண்டும் என்பார்கள், அன்றைக்கு அந்த ஒன்று மட்டும் சரியாக அமைந்தது. ஒவ்வொரு உருவத்துக்கும் நிழல் விழுந்து பாறையிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர் தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்திருக்கிறது. முதல் தீர்த்தங்கரரின் மகன் பாகுபலி நின்று நின்று தவம் செய்ததில் காலைக் கொடி சுற்றிவிட்டது, இரண்டு பக்கமும் அவருடைய தங்கைமார்கள், போதும் அண்ணா என்று சொல்ல வந்தவர்கள். நம் வீட்டுப் பெண்கள் மாதிரியே நிற்கிறார்கள்.

இவற்றுக்குக் கீழேயும் யார் செய்வித்தது என்று எழுத்து உண்டு. அதில் ஒன்று: அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி சாதாரண ஆள் இல்லை. யானைமலை, கருங்காலக்குடி, அரிட்டாபட்டி, அந்தப் பக்கம் உத்தமபாளையம் என்று மலை மலையாக அவர் பெயர் இருக்கிறது. கால்நடையாகவே இத்தனை மலைக்கும் போய்த் திருமேனி செய்விக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த துறவி. அவருக்கு ஒரு அம்மா இருந்திருக்கிறாள். வீடு வேண்டாம், சொந்தம் வேண்டாம் என்று பிள்ளை கிளம்பிவிட்டான். அந்தம்மா இந்தப் பாறைக்கு ஆள் வைத்து ஒரு திருமேனி செய்து, கீழே தன் பெயரைப் போடச் சொல்லும்போது, இன்னார் மனைவி என்று போடவில்லை, இன்ன ஊர் என்று போடவில்லை. அச்சணந்தி தாயார். அவன் விட்டுவிட்டுப் போன சொந்தத்தை இவள் கல்லில் வெட்டி வைத்துவிட்டாள்.

அதற்கு மேலே பாறையிலேயே செதுக்கின படிகளில் ஏறினால் பெரும்பள்ளி இருந்த இடம். மாதேவிப் பெரும்பள்ளி. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட பராந்தக வீரநாராயணன் என்ற பாண்டியன் காலத்தில், அவன் ராணி வானவன்மாதேவி பெயரில் எழுந்த மடம். மலைக்கே அப்போது பராந்தக பர்வதம் என்று பெயர். இன்றைக்கு இருப்பது அடித்தளம் மட்டும்தான். மடத்தைக் காணவில்லை, மடம் உட்கார்ந்திருந்த தடம் இருக்கிறது. மகள் அதன்மேல் உட்காரப் போனாள், வேண்டாம் என்று பக்கத்துப் பாறையில் உட்காரவைத்தேன். பள்ளி என்றால் படுக்கிற இடம், பள்ளிகொண்ட பெருமாள் என்கிறோமே அந்தப் பள்ளி. துறவிகள் படுத்த இடம் பள்ளி, அவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்ததால் படிக்கிற இடமும் பள்ளி என்று சொல்வார்கள். "அப்ப கிளாஸ்ல தூங்கினா திட்டக்கூடாதுல்ல" என்றாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளையிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

உச்சிப் பக்கத்தில் விளக்குத் தூண் இருக்கிறது, அதனருகே பாறையில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு, வெள்குளத்து மூலசங்கம் என்ற சமணக் கூட்டத்துத் துறவிகளின் பெயர்களைச் சொல்வது. வெள்குளம் என்பது கர்நாடகத்துச் சிரவணபெளகொள. நானூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். யார் எதற்காக வந்தார்கள் என்று கதையெல்லாம் கல்லில் இல்லை, பெயர் இருக்கிறது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் வடக்கே நாகமலை அப்படியே நெளிந்து போகிறது, பல்கலைக்கழகப் பக்கத்துக் கட்டடங்கள், பைபாஸில் லாரிகள், கிழக்கே புகைமூட்டத்துக்குள் மதுரை. கோபுரம் தெரிகிறது என்று மகள் சொன்னாள். எனக்கு செல்போன் டவராகத்தான் தெரிந்தது. சித்தி மகனுக்கு அனுப்ப இருபது படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினாலில் அவள் விரல்.

இறங்குவதற்கு முன்னால் இன்னொன்று. இந்த மலைக் கல்வெட்டு ஒன்றில், குணசேனதேவரின் இன்னொரு மாணவர் கனகவீரப் பெரியடிகள் ஒரு திருமேனி செய்விக்கிறார். யார் பேரால் தெரியுமா? அமிர்தபராக்கிரமநல்லூரான குயிற்குடி ஊரார் பேரால். இந்தத் திருமேனி பள்ளிச் சிவிகையார் ரட்சை, அதாவது மடத்துப் பல்லக்குத் தூக்குகிறவர்கள் பாதுகாப்பில் என்று முடிகிறது. ராஜா வைத்த அந்த நீளமான பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பராந்தக பர்வதமும் போயிற்று. பஸ்ஸில் இன்றைக்கும் கீழக்குயில்குடி என்றுதான் எழுதியிருக்கிறது.

கீழே வந்தபோது வெள்ளரிக்காய்ப் பாட்டி கூடையைக் கட்டிக்கொண்டிருந்தது. நான் அதனிடம், பாட்டி, மேலே உங்க ஊர்க்காரங்க பேரு எழுதியிருக்கு, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி என்றேன். நம்பவில்லை. "எங்க ஊரு பேரா? யாரு எழுதுனா?" சாமியார்கள் என்றேன். "எழுதியிருப்பாக, எழுதியிருப்பாக. பட்டா இருந்தா குடு" என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அம்மாவிடம் குணமதியார் கதையைச் சொன்னேன். ஆட்டோ வரும் வரைக்கும் சும்மா இருந்தது. ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடி, நாகமலை புதுக்கோட்டை தாண்டின பிறகு கேட்டது: "அவன் அதை வந்து பார்த்தானாமா?"

தெரியலம்மா என்றேன்.

"பார்த்திருப்பான்" என்றது. அப்புறம், "அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுடாதடி, தைச்சுக்கலாம்" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆட்டோவைக் காளவாசலில் நிறுத்தித் தைத்தோம். முப்பது ரூபாய்.